சிவப்புக் கயிறு

"ஏதோ செய்யுங்க" என்றாள் அம்மா.

ஒரு வருஷமாக "அந்தக் கதவைத் தொடாதீங்க" என்று மட்டுமே சொல்லிவந்தவள் வாயிலிருந்து இந்த இரண்டு வார்த்தை வந்ததும், பெரியவன் கையோடு மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டுவிட்டான். அம்மாவின் மனசு மறுபடி மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவன். பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து பழகியதால், யார் எந்த வண்டியை ஓட்டினாலும் பிரேக் தன் காலடியில்தான் இருக்கிறது என்று நினைப்பான்.

சின்னவள் அவனுடைய தங்கை. கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள் அவள். போன வாரம் ஒரே ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டில் வந்து இறங்கினாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டால் "பார்க்கலாம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். முன்கதவுச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அம்மா அதைப் பார்த்தாள், கேட்கவில்லை.

நேற்று மாப்பிள்ளை ஃபோன் செய்திருந்தார். "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை, உங்களுக்கு ஏன் சிரமம்" என்று பேசியதில் அம்மாவுக்கு ஏகத் திருப்தி.

"எவ்வளவு மரியாதை பாரு" என்றாள்.

சின்னவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவி வைத்த தட்டு அது.

நிற்க. கதவு என்றது கார் ஷெட் கதவை. சமையலறையை ஒட்டியே ஷெட். பட்டனை அழுத்தினால் மடிப்பு மடிப்பாக வளைந்து மேலேறி, கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பெரிய இரும்புக் கதவு. இப்போது அதன் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையை எலி கடித்துத் தின்றுவிட்டது. குளிர்காற்று அந்த ஓட்டை வழியாக நுழைந்து சமையலறைவரை வந்து அம்மாவின் முழங்காலைப் பிடிக்கிறது. அவள் சம்மதித்ததற்குக் காரணம் அந்த முழங்கால்தான், வேறொன்றுமில்லை.

அப்பா இருந்தவரை இந்த நிலைமை வந்ததில்லை. வருஷா வருஷம் குளிர் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு வைத்தியம் நடக்கும். ரோலர்களைத் துடைப்பார், கீல்களுக்கு கிரீஸ் வைப்பார், குறுக்கே ஏதாவது வந்தால் கதவை நிறுத்துவதற்காகத் தரைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சாரின் கண்ணிலிருந்து தூசியை ஊதுவார். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் மேலே ஏறமாட்டார். அந்த ஆள் சின்னவள். ஏழு வயசில் கீழே நின்றுகொண்டு "அங்க இல்லப்பா, இந்தப் பக்கம்" என்று அவள் அதிகாரம் பண்ணினதிலிருந்து அவருக்கு அவள் மேஸ்திரி. கல்யாணமாகிப் போன பிறகும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேஸ்திரி வந்தாக வேண்டும்.

கடைசியில் ஒரு பரீட்சை வைப்பார். மோட்டாரிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதை இழுத்தால் மோட்டார் வேறு, கதவு வேறு. அதற்குப் பிறகு கதவைக் கையால் தூக்கலாம். அவ்வளவு பாரத்தையும் மேலே குறுக்கே கிடக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள் சுமந்துகொள்ளும். அப்பா கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை எடுப்பார். அப்படியே நின்றால் "பாஸ்" என்பார். உடனே அம்மாவைக் கூப்பிடுவார்.

"நீயும் ஒரு தடவை தூக்கிப் பாரு. கரன்ட் இல்லாதப்போ உதவும்."

"எனக்கெதுக்கு? நீங்க இருக்கீங்களே" என்று அம்மா உள்ளே போய்விடுவாள்.

போன வருஷம் குளிர் தொடங்கும் சமயத்தில் ஒரு சாயங்காலம் புயல்காற்று அடித்தது. கரன்ட் போனது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் சரிந்தார். எதிர்வீட்டு நர்ஸ் ஓடிவந்தாள். மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டதால் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். "காரை எடுங்கம்மா, பின்பக்கத் தெருவால போயிடலாம், நான் ஓட்டறேன்" என்றாள் நர்ஸ், அப்பாவின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல்.

அம்மா ஷெட்டுக்கு ஓடினாள். சிவப்புக் கயிற்றை இழுத்தாள். கதவைத் தூக்கினாள். அது வரவில்லை. மறுபடி கயிற்றை இழுத்தாள், மறுபடி தூக்கினாள். கதவின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஆம்புலன்ஸ் வந்து, ஆட்கள் முன்வாசல் வழியாக அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும், அவள் அந்த இருட்டில் கதவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா திரும்பி வரவில்லை.

எல்லாம் முடிந்த சில நாட்களில், சமையலறையில் நின்றுகொண்டு பெரியவன் ஒரு வார்த்தை சொன்னான். குத்திக்காட்டச் சொன்னதில்லை. துக்கத்தில் இருக்கிறவன் கையில் கிடைத்ததை எடுத்து எறிகிற மாதிரி சொன்னான்.

"அந்தக் கயிறை இழுத்தா சின்னப் பிள்ளைகூடத் தூக்கிடுமேம்மா."

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதவைத் திறக்க விடவில்லை. தான் கயிற்றைத் தப்பாக இழுத்துவிட்டோம், அவர் வருஷா வருஷம் கூப்பிட்டும் கற்றுக்கொள்ளாமல் போனோம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த உயிரை விட்டுவிட்டோம் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். பேச்சையும் குறைத்துக்கொண்டாள்.

அம்மா கயிற்றைச் சரியாகத்தான் இழுத்தாள். இது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும்.

புயலுக்கு முன்னால் ஒருநாள் அப்பா சின்னவளுக்கு ஃபோன் செய்தார். "மேஸ்திரி, மேல ஒரு ஸ்பிரிங் உடைஞ்சிடுச்சு. பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம். உங்கம்மா தூக்கத்துல திரும்பிப் படுத்தாளே தவிர எழுந்திருக்கல" என்று சிரித்தார். "மோட்டார் முக்கி முனகி இழுக்குது. கையால தூக்க முடியாது. அம்மாகிட்ட சொல்லிடாதே, பயப்படுவா. உங்கண்ணன்கிட்டயும் வேண்டாம், ஏணி ஏறக்கூடாதுன்னு பாடம் எடுப்பான். ஞாயித்துக்கிழமை நீ வந்துடு. பழசைக் கழட்டிப் புதுசு போட்டுடலாம்."

"தனியா ஏறிடாதீங்கப்பா. நான் வரேன்" என்றாள் சின்னவள்.

அந்த ஞாயிறு அவள் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. இரண்டு தடவையும் "கடைல வேலைப்பா" என்றாள். இரண்டு தடவையும் அவர் "சரி மேஸ்திரி" என்றார். புதன்கிழமை புயல் வந்துவிட்டது.

சாவு வீட்டில் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது. அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னபோதுகூட அவள் அதே சமையலறையில்தான் இருந்தாள்.

மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஜலதோஷம் பிடித்த மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருதரம் மூக்கை உறிஞ்சினார். டார்ச்சை அடித்து மேலே பார்த்தவர் உடனே உதட்டைப் பிதுக்கினார்.

"வலது ஸ்பிரிங் போயிருக்கே சார். நடுவுல இடைவெளி தெரியுது பாருங்க."

சின்னவள் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். இதோ வந்துவிட்டது, இனி நான் சொல்லவே வேண்டாம், அந்த இடைவெளியே சொல்லிவிடும் என்று தோன்றியபோது, வெட்கமாக இருந்தாலும் ஒரு நிம்மதியும் வந்தது.

"எப்போ உடைஞ்சிருக்கும்?" என்றான் பெரியவன்.

"கதவு எவ்வளவு நாளா ஓடல?"

"ஒரு வருஷமா."

"அப்போ போன குளிர்லதான் விட்டிருக்கும். சும்மா நிக்கிற கதவு, எண்ணெயும் இல்ல. பாதி வீட்ல இதே கதைதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது."

பெரியவன் தலையாட்டினான். சுமை இறங்கிய நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. "அப்போ அப்பா இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு."

"நல்லாத்தான் இருந்துது" என்றாள் அம்மா. சின்னவளுக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாளோ. "அவர் சரியாத்தான் வச்சிருந்தார். நான்தான்."

முடிக்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்று பாத்திரத்தைத் தேடினாள். பாத்திரம் கண்ணெதிரே இருந்தது.

இனி யாரும் சின்னவளைக் கேட்கப்போவதில்லை. மெக்கானிக் தன்னை அறியாமல் அவளுக்கு ஒரு வழியைத் திறந்து கொடுத்துவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் புது ஸ்பிரிங் ஏறிவிடும், உடைந்தது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், ஒரு பூனைக்குட்டிக்கும் தெரியாது. அப்பாவின் பெயருக்குக் குறைவில்லை. அண்ணனுக்கு நிம்மதி. தனக்கும் நிம்மதி. அம்மா ஒருத்தி மட்டும் சாகும்வரை அந்தக் கயிற்றைத் தப்பாக இழுத்தவளாகவே இருப்பாள்.

அம்மா தீக்குச்சியைக் கிழித்தாள். அந்த வெளிச்சத்தில் உள்ளங்கைத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

சின்னவள் ஷெட்டுக்குள் இறங்கினாள்.

"அண்ணா, அந்தக் கயிறை இழு."

"எதுக்கு?"

"இழேன். இழுத்துட்டுக் கதவைத் தூக்கிப் பாரு."

"வேண்டாம்மா, ஒத்தை ஸ்பிரிங்ல ரொம்ப கனமா இருக்கும்" என்றார் மெக்கானிக். அதற்குள் பெரியவன் கயிற்றை இழுத்துவிட்டான். சவாலென்று வந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. கதவு முழங்கால்வரை வந்தது. அங்கிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. "காலைத் தள்ளி வைங்க, காலை" என்று மெக்கானிக் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்.

"இதைப் போய் யார் தூக்குவா?" என்றான் பெரியவன் மூச்சு வாங்க.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துது."

"என்னைக்கு?"

"அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்னைக்கு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே உடைஞ்சிடுச்சு. அப்பா எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னார். ஞாயித்துக்கிழமை வரேன், தனியா ஏறாதீங்கன்னு நான்தான் சொன்னேன். கடைல வேலைன்னு சொல்லிட்டு வரல." அவள் அண்ணனைப் பார்த்துப் பேசவில்லை, நிலைப்படியைப் பார்த்துப் பேசினாள். அங்கே அம்மா நின்றிருந்தாள். "அம்மா கயிறைச் சரியாத்தான் இழுத்தா. யார் தூக்கியிருந்தாலும் வந்திருக்காது."

மெக்கானிக் நல்ல மனிதர். வண்டியில் ஏதோ சாமான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெரியவன் அம்மாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் தான் சொன்ன வார்த்தை அவனுக்கு நினைவு வந்தது. நேரே நடந்து, தூசி படிந்த காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டான். பழக்கதோஷம், அங்கேயும் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தான்.

அம்மா படியிறங்கி வந்தாள்.

"ஒரு வருஷம்" என்றாள். "ஒரு வருஷமா என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தியேடி."

அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு. அம்மா அடிக்கிறவள் இல்லை. கவிழ்த்துக் கிடந்த வாளிமேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"எந்த ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்ன?"

"அதுக்கு முந்தின ரெண்டு ஞாயிறும்."

அம்மா சுவரில் சாய்த்திருந்த ஏணியைப் பார்த்தாள்.

"ரெண்டு ஞாயிறும் காலைல ஏணியை எடுத்துத் துடைச்சு இங்க நிறுத்தி வச்சார். இதே வாளி மேலதான் உக்காந்திருந்தார். என்னங்க இங்க உக்காந்திருக்கீங்கன்னு கேட்டேன். சும்மாதான், வெளிச்சமா இருக்குன்னார். வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பார். சாயங்காலம் மறுபடி ஏணியை மடக்கி வச்சுட்டு உள்ள வந்துட்டார். எனக்கு ஒண்ணும் புரியல." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "உனக்காகவா உக்காந்திருந்தார்?"

சின்னவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷம் அடக்கிவைத்த அழுகை, சத்தமே இல்லாமல் வந்தது. அம்மா அவளைத் தொடவில்லை. எழுந்தும் போகவில்லை.

டீ பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தது.

மெக்கானிக் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடங்கினார். இரண்டு ஸ்பிரிங்குகளையுமே மாற்றிவிடுவதுதான் முறை என்றார். மாற்றினார். ரோலரைத் துடைத்து கிரீஸ் வைத்தார். புது ரப்பர் பட்டையைப் பொருத்தினார். சென்சாரின் கண்ணைத் துடைத்துவிட்டு, மரக்கட்டை ஒன்றைத் தரையில் வைத்து, இறங்கி வந்த கதவு அதில் பட்டதும் பயந்து மேலே திரும்புகிறதா என்று பார்த்தார். பிறகு கதவை மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றினார். இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை எடுத்தார். கதவு அப்படியே நின்றது.

பாஸ் என்று சொல்ல ஆள் இல்லை. மெக்கானிக் கதவைக் கீழே இறக்கினார்.

"நான் தூக்கறேன்" என்றாள் அம்மா.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கால்களை அகட்டி வைத்து, அன்றைக்குப் பிடித்த அதே இடத்தைப் பிடித்து, முழு பலத்தையும் கூட்டித் தூக்கினாள். கதவு சரசரவென்று ஒரே வீச்சில் கூரைவரை போய்விட்டது. எதிர்பார்க்காத அம்மா முன்னால் தடுமாறினாள். சின்னவள் பாய்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தெரு வெளிச்சம் ஷெட் முழுக்க விழுந்தது. ஒரு வருஷத்துத் தூசியும், வாளியும், ஏணியும், காரும், உள்ளே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெரியவனும், எல்லாம் தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா. "நல்லா இருந்திருந்தா இவ்வளவு லேசாவா இருந்திருக்கும்?"

"ஆமாம்மா."

"அப்போ நான் திறந்திருப்பேன்."

"திறந்திருப்பம்மா."

அம்மா திறந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. தன் தோளில் இருந்த மகளின் கையையும் தள்ளிவிடவில்லை. மெக்கானிக் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ரெண்டு ஞாயிறும் உனக்குக் கடை லீவு" என்றாள் அம்மா திடீரென்று. "உங்க கடை ஞாயித்துக்கிழமை திறந்து நான் பார்த்ததில்ல."

சின்னவளின் கை தோளிலிருந்து நழுவியது.

"சாக்குச் சொல்றன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும். சரின்னு விட்டுட்டார். வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கிற பொண்ணு இல்ல நீ. உங்கப்பா கூப்பிட்டா காய்ச்சலோட வந்தவ. என்ன ஆச்சு அன்னைக்கு?"

"அண்ணன்கிட்டயாவது ஃபோன்ல சொல்லியிருக்கணும்மா. சொன்னா, நீ ஏன் போகலன்னு கேட்பான். அதுக்குப் பயந்துட்டு அப்பாவை விட்டுட்டேன்."

"அதைக் கேக்கல. என்ன ஆச்சு?"

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள்.

"கதவு வெளியிலேர்ந்து பூட்டியிருந்துதும்மா."

"எந்தக் கதவு?"

"எங்க வீட்டுக் கதவு. சாவி அவர்கிட்ட. ஞாயித்துக்கிழமை பிறந்த வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டு, பூட்டிட்டுப் போயிட்டார். ரெண்டு தடவையும்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். போன வாரம் வந்த ஒற்றைப் பெட்டி, தலையணைக்கடியில் இருக்கும் சாவி, கழுவிய தட்டையே மறுபடி கழுவிய கை, எல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. அந்தக் கையை எடுத்துத் தன் தழும்பு விழுந்த உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். இந்தக் கதவோடு தான் போராடியதற்கு முன்பே தன் மகள் வேறொரு கதவோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"கதவை இறக்கிடவாம்மா?" என்றார் மெக்கானிக் தயங்கியபடி. "குளிர் உள்ள வருது."

"வேண்டாம். திறந்தே இருக்கட்டும்."

காரின் ஜன்னல் இறங்கியிருந்ததை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். பெரியவன் இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. அம்மாவின் காலடியில் குந்தி உட்கார்ந்து, அவள் பாதத்தின்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தான். பிறகு எழுந்து தங்கையைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரேன்னு சொன்னார் மாப்பிள்ளை?"

அவன் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. சின்னவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.